சாட்சிக்கு வந்த குடம்

அந்தக் குடத்தைக் காலால் தள்ளாதே அம்மிணி. அது சாட்சி.

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள். ஏறும்போது கண்டக்டரும் இப்படித்தான் சிரித்தார். "வெறுங்குடத்தைத் தூக்கிட்டு ஏறுறீங்களே ஆத்தா, வண்டி ஊர் போய்ச் சேருமா?" என்றார். முன்சீட்டில் புதுத் தாலிக்கயிற்றோடு ஒரு பெண் இருக்கிறது பார், அது முகத்தையே திருப்பிக்கொண்டது. வெறுங்குடம் எதிரே வந்தால் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஆடு மேய்க்க விட்டார்கள். சகுனம் பார்க்கிறதை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் சாட்சி என்றால் எடுத்தது எப்படியோ அப்படியே கொண்டுபோய்க் காட்டவேண்டும். பச்சைக் குடம், அடியில் சிவப்பு ஒட்டு. கத்தியைக் காய்ச்சிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருக்கிறாள் அந்தச் சாமியாத்தாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்படி ஒட்டுப்போட்ட குடம் இது ஒன்றுதான்.

நீ எந்த ஊர்? மூலனூரா? யார் வீட்டுப் பெண்? ஓ, வேலைக்கு வந்த இடமா. அப்படியானால் சாமியாத்தாள் என்று யாரையும் உனக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாதா? சரி. அந்தப் போனைக் கவிழ்த்து வை. நீ என் பேச்சை அதில் பிடிக்கிறாய் என்று சொல்லவில்லை. கவிழ்த்து வை, அவ்வளவுதான்.

ஏன் வண்டி நின்றுவிட்டது? தரைப்பாலத்தில் தண்ணீரா? அந்த ஓடையிலா? மூன்று வருஷமாக மணலும் வேலிமுள்ளுமாகக் கிடந்த ஓடை அது. நான் தாலுக்கா ஆபீசுக்குப் போகிற அன்றைக்குப் பார்த்து அதற்குத் தண்ணீர் வந்திருக்கிறது பார்.

எல்லாரும் இறங்கி ஓடுகிறார்கள். நீயும் போகிறாயா? போகவேண்டாம், உட்கார். பையை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. அங்கே பார், ஓடைக்கு மஞ்சள் போடுகிறார்கள். மஞ்சள் எங்கிருந்து வந்தது? பையில் மஞ்சளோடு பஸ் ஏறுகிறவர்கள் யார்? அந்தப் புதுப்பெண் தலையில் இருந்த பூவை எடுத்துத் தண்ணீரில் விடுகிறது. நல்லதுதான். வந்த தண்ணீரை வாவென்று சொல்லவேண்டியதுதான். நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் தோளில் சொட்டுகிறதே. கூரை ஒழுகுகிறது. இந்தக் குடத்தை அடியில் வைப்பதா? ஐயோ, வேண்டாம். சாட்சியில் தண்ணீர் பிடிக்கக்கூடாது. கொஞ்சம் தள்ளி உட்கார்.

சாமியாத்தாள் யார் என்று கேட்கிறாய். என் கொழுந்தனார் மனைவி. ஓரகத்தி. என் காட்டுக்குக் கிழக்கே அவள் காடு, நடுவில் ஒரு வரப்பு. பேச்சுவார்த்தை நின்று பதினொரு வருஷம் ஆயிற்று.

பாகம் பிரிக்கும்போது கிணறு எங்கள் பங்கில் விழுந்தது. கொழுந்தனாருக்கு மேட்டாங்காடு, மானாவாரி. அதற்கு ஈடாக ஒரு ஏக்கர் கூடுதலாகக் கொடுத்தோம், சும்மா இல்லை. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் வரப்பைத் தாண்டக்கூடாது என்று நான்தான் சொல்லி எழுத வைத்தேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான். நாச்சிமுத்து பேசினால் மழை வரும் என்று ஊரே சொல்லும்.

பாத்திரம் பண்டமெல்லாம் பிரித்து அவரவர் அடுப்புக்குப் போன பத்தாம் நாள், என் தோசைக்கல்லைக் காணவில்லை. என் அம்மா வீட்டில் இருந்து சீராகக் கொண்டுவந்த இரும்புக்கல். இரண்டு காதில் ஒரு காது உடைந்தது. மாவைக் கரைத்து வைத்துவிட்டுத் தேடுகிறேன், கல் இல்லை. யார் எடுத்திருப்பார்கள்? வீட்டுக்குள் வந்துபோக இருந்தவள் அவள் ஒருத்திதான். போய் வாசலில் நின்று கேட்டேன். நாலு பேர் கேட்கத்தான் கேட்டேன். "தோசக்கல்லுக்கு வக்கில்லாத வீட்டுல இருந்தா வந்திருக்கற?" என்றுகூடக் கேட்டேன். அவள் அழுதாள். "அக்கா, எங்கொழந்தை மேல சத்தியமா நான் எடுக்கலீங்கக்கா" என்றாள். எடுத்தவர்கள்தான் முதலில் அழுவார்கள். அவரிடம் சொன்னேன், நீங்களாவது கேளுங்கள் என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கல்லுதானே, விடு" என்றார். அன்றைக்கு நின்ற பேச்சு.

அதற்கப்புறம் நாங்கள் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் ஆட்டிடம் சொல்வோம். இல்லையென்றால் கோழியிடம். வரப்பில் அவள் ஆடு மேயும். "ஏ ஆடே, உங்க வீட்டுக்காரி பருத்திமார்க் குச்சியை என் தடத்துல போட்டிருக்காளே, கண்ணு தெரியலியா?" என்பேன். மறுநாள் காலையில் அதே ஆட்டிடம் அவள், "எடுத்தாச்சு எடுத்தாச்சு, அதுக்கொரு பேச்சு" என்பாள். அந்த ஆடு செத்து அதன் குட்டியும் கிழமாகிவிட்டது. நாங்கள் அதனிடமும் பேசுகிறோம்.

அவர் போய் இரண்டு வருஷம். நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள்தான். கடைசியில் நினைவு தப்பிவிட்டது. "கிழக்கால இருக்கற நண்டை அடிச்சுடாத துளசி. அந்த வளையை மூடிடாத" என்று ஒரே புலம்பல். நண்டாம்! சாகப்போகிற மனுஷன் பிள்ளையைப் பற்றிச் சொல்வார், மனைவியைப் பற்றிச் சொல்வார். இவர் நண்டைப் பற்றிச் சொன்னார். ஆனால் அந்த நண்டும் லேசுப்பட்டது இல்லை. எட்டொன்பது வருஷமாக எங்கள் கிழக்கு வரப்பில் மட்டும் வளை போட்டுக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் வாய்க்காலில் போகும், கடைசி வயலுக்குப் பாதிதான் வந்து சேரும். கேட்டால், "நண்டு வளை போட்டிருச்சு" என்பார். விடிவதற்கு முன்னால் எழுந்து வரப்பைப் பார்க்கப் போவார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு வருவார். மேற்கே ஒரு நண்டு கிடையாது. வடக்கே கிடையாது. கிழக்கே மட்டும் நண்டு. அதையும் அவள் ஏதோ செய்துதான் வரவைக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

போவதற்கு முன்னால் ஒன்பது தென்னங்கன்று வைத்தார். உடுமலையில் இருந்து மொபெட்டில் இரண்டு இரண்டாகக் கட்டிக் கொண்டுவந்தார். அவர் கையால் வைத்தது அதுதான் கடைசி. எனக்கு அந்தக் காட்டில் வேறெதுவும் பெரிதில்லை அம்மிணி. எலுமிச்சை போகட்டும், முருங்கை போகட்டும். அந்த ஒன்பதும் நிற்கவேண்டும்.

அப்புறம் வந்தது பஞ்சம். ஐப்பசி மழை ஒரு வருஷம் பொய்த்தது, மறுவருஷமும் பொய்த்தது. கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தால் புறா பறக்கும். போர் போட்டோம், தொள்ளாயிரம் அடியில் புகைதான் வந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வீட்டுக்கு ஆறு குடம். அதில் குடிக்கிறதா, கன்றுக்கு ஊற்றுகிறதா? பங்குனியில் மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்குத்தான் கூட்டி வரவேண்டும். தண்ணீர் இல்லாத வீட்டுக்குப் பிள்ளை பெற எப்படிக் கூட்டி வருவது? நான்தான் திருப்பூரில் அவள் வீட்டுக்குப் போனேன். கிளம்புகிற அன்று கன்றுகளைத் திரும்பிப் பார்க்காமல் போனேன். வந்து பார்க்கும்போது விறகாகத்தான் இருக்கும் என்று தெரியும்.

ஆடியில் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் ஒன்பதும் பச்சையாக நிற்கிறது!

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஊரில் வேம்புகூடக் காய்ந்து நிற்கிறது, என் கன்று மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கும்? கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் மண் கிளறியிருக்கிறது. கையால் தள்ளிப் பார்த்தேன். பானை! கழுத்துவரைக்கும் புதைத்து, வாயில் ஓட்டுச்சில்லு மூடி, ஒன்பது கன்றுக்கு ஒன்பது மண்பானை. ஒன்றைத் தோண்டி எடுத்தேன். அடியில் ஓட்டை போட்டு, ஓட்டையில் கந்தல் துணியைத் திரியாகச் செருகியிருக்கிறது. பானையைப் புதைத்துத் துணியும் வைத்தால் அது என்ன என்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செய்வினை. துணி என் சேலையில் கிழித்ததாக இருக்கும் என்று வீட்டுக்கு ஓடி எல்லாச் சேலையையும் விரித்துப் பார்த்தேன். எதிலும் கிழிசல் இல்லை. அப்போது இன்னும் பயமாகிவிட்டது. கிழிசலே தெரியாமல் எடுத்திருக்கிறாள் என்றால் எப்பேர்ப்பட்டவள்!

குறி சொல்கிற கோடங்கியிடம் கேட்டிருக்கலாம் என்கிறாயா? அவர் அவளுக்குத் தூரத்து உறவு.

நானே துணிந்தேன். மஞ்சள்துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, தெற்கே இருந்து நாலு பானையைத் தோண்டி உடைத்தேன். நாலாவதை உடைக்கும்போது தலை சுற்றியது, நிறுத்திவிட்டேன். இப்போது கேள். ஆவணி முடிவதற்குள் அந்த நாலு கன்றும் காய்ந்துவிட்டன. நான் தொட்ட நாலு மட்டும்! தொடாத ஐந்தும் அப்படியே நிற்கின்றன. பழி வாங்குகிற வினை என்றால் எவ்வளவு பலம் பார். அதற்கப்புறம் அந்த ஐந்தின் பக்கம் போகவே இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? சொல்ல வந்ததைச் சொல்லு. ஒன்றும் இல்லையா? சரி.

லாரி டிரைவரிடம் விசாரித்தேன். நான் இல்லாதபோது என் வீட்டுப் பங்கு ஆறு குடம் என்ன ஆயிற்று என்று. "உங்க பங்கையும் அந்தக்காதானுங்க புடிச்சாங்க" என்றார். பார்த்தாயா! நாலு நாளைக்கு ஆறு குடம், மூன்று மாதமாக! குளித்தாளா, குடித்தாளா? அவள் வீட்டு அவரைப்பந்தல் காய்ந்து உதிர்ந்து கிடந்தது. முருங்கை மொட்டையாகிவிட்டது. தன் பந்தலைக் காயவிட்டவள் அந்தத் தண்ணீரை என்ன செய்திருப்பாள்? இதுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அப்புறம்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். புரட்டாசிக் கடைசி. காகம் கரைகிற நேரத்தில் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வந்தாள். இடுப்பில் இந்தக் குடம். ஓட்டுச்சில்லை எடுத்துவிட்டுப் பானைக்குள் மெதுவாக ஊற்றுகிறாள். வாய் முணுமுணுக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டேன். "குடிங்க சாமி, குடிங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், குடிங்க சாமி" என்கிறாள். சாமி, சாமி என்று மந்திரம்! நான் எழுந்து, "ஆரது!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

அவள் குடத்தைப் போட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. பதினொரு வருஷம் ஆகிறதே, அவளுக்கும் பழகிவிட்டது. வரப்பில் ஆடு நின்றது. ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "பானையில தண்ணி இருக்கற வரைக்கும் இதுக பொழைச்சுக்கும். ஆரும் ஒடைக்காம இருந்தாச் சரி." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இது மிரட்டல் இல்லாமல் என்ன? உடைத்தால் சாகும் என்று என் காதுபடச் சொல்கிறாள்!

குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் யோசித்துப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. செய்வினையோடு நிற்கவில்லை அம்மிணி, இது நிலத்துக்குப் போடுகிற அடி. என் கன்றுக்கு அவள் தண்ணீர் விட்டு வளர்த்தால், நாளைக்கு ஆபீசர் முன்னால் நின்று, "நான்தானுங்க வளத்தேன், அனுபவத்துல இருக்கறது நான்" என்பாள். இப்படித்தான் எத்தனையோ காடு கைமாறிப் போயிருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை வந்தது. முதலில் அவள் காட்டில்தான் பெய்தது. கிழக்கு மழையாயிற்றே, அப்படித்தான் வரும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும். வரப்புக்கு அந்தப் பக்கம் மண் கறுத்துக்கொண்டே வருகிறது, இந்தப் பக்கம் புழுதி. நான் வாசலில் நின்று, வந்துவிடு, வந்துவிடு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வரப்பைத் தாண்டி வந்தது. ஊரே வாசலில் நின்று நனைந்தது. கிழவர்கள்கூடத் துண்டைத் தலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். நான் அண்டா, குண்டான், டம்ளர் வரைக்கும் கொண்டுவந்து வைத்தேன். மூன்று வருஷம் எங்கேயோ போயிருந்தது, இப்போது வந்து ஓட்டின்மேல் இப்படிக் கொட்டினால் எப்படி நம்புகிறது? அரைமணியில் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. ராத்திரியெல்லாம் பெய்தது. ஒரே ஒரு தடவை கையை நீட்டி ஒரு வாய் குடித்தேன். இனிப்பாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காட்டைச் சுற்றி வந்தேன். அந்த ஐந்து கன்றிலும் குருத்து விரல்நீளம் வெள்ளையாக வெளியே வந்திருந்தது. ஒரே ராத்திரியில்! அவர் பார்த்திருந்தால் பேசியேயிருப்பார்.

அப்படியே கிழக்கு வரப்புக்கு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் உயரம், கரையில் மண் கரைந்து போயிருக்கிறது. காலில் ஏதோ ணங்கென்று இடித்தது. குனிந்து தடவினேன். இரும்பு. மண்ணைத் தள்ளினேன். என்ன என்று நினைக்கிறாய்? என் தோசைக்கல்! ஒரு காது உடைந்த அதே கல். துருப்பிடித்து, ஆனால் அதேதான். இழுத்தேன், வரவில்லை. பலங்கொண்டமட்டும் இழுத்தேன். வந்தது. கல் வந்த இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாய். திறந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று அந்தப் பக்கம் அவள் காட்டுக்குப் பாய்கிறது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? என் கல்லைத் திருடி, என் வரப்பைத் துளைத்து, அதற்கே மூடியாகப் போட்டு, எட்டொன்பது வருஷம் என் கிணற்றைக் குடித்திருக்கிறாள். நண்டு இல்லை அம்மிணி, அவள்தான் நண்டு! இதோ, கல்லும் பையில்தான் இருக்கிறது. தூக்கிப் பார், என்ன கனம் என்று. முதலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். "என்னம்மா கெடுதல் பண்ணுனாங்க?" என்றார். "தென்னங்கன்றுக்குத் தண்ணி ஊத்துனா" என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான்தான் அதட்டி எழுத வைத்தேன். அவள் வீட்டுக்குப் போகிற வண்டித்தடம் என் காட்டு வழியாகத்தான் போகிறது. அதை அடைக்கவேண்டும், அவள் காலே என் மண்ணில் படக்கூடாது என்று மனு. அதற்கப்புறம் எந்த வழியாகப் போவார்கள் என்கிறாயா? ஓடையைச் சுற்றிப் போகட்டும், மூன்று மைல். அது என் கவலையா?

நீ என்னமோ கேட்கிறாய். சத்தமாகக் கேள், மழையில் காது கேட்கவில்லை.

குழாய்க்கு மூடி எந்தப் பக்கம் இருந்தது என்றா? என் பக்கம்தான். என் வாய்க்காலுக்குள். அவர் உட்கார்ந்து பீடி பிடிப்பாரே, அந்தக் கல்லுக்கு நேர் அடியில்.

அவள் எப்படி வந்து திறந்து மூடியிருப்பாள் என்கிறாய். வந்திருப்பாள். விடிகாலையில் வந்து… விடிகாலையில்தான் அவர் அங்கே உட்கார்ந்திருப்பாரே. அவர் எழுந்து போனபிறகு வந்திருப்பாள். அவர் போகும்போது பொழுது விடிந்துவிடும், வீட்டில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். எட்டு வருஷம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வரப்பில் அவரைத் தவிர யாரையும் பார்த்ததில்லை.

இரு. கொஞ்சம் இரு.

பத்தாம் நாள் கல் காணாமல் போயிற்று. அந்த வாரம்தான் அவர் சிமெண்டு மூட்டை ஒன்று வாங்கி வந்தார். ஆட்டுத்தொட்டி பூசுகிறேன் என்றார். ஆட்டுத்தொட்டி பூசவே இல்லை. நானும் நாலு நாள் சத்தம் போட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

"கல்லுதானே, விடு" என்றார்.

உன் தோள் முழுக்க நனைந்துவிட்டதே. நூல்பிடித்த மாதிரி ஒழுகுகிறது. சொல்லக்கூடாதா? இந்தா, இந்தக் குடத்தை அதற்கு அடியில் வை. பரவாயில்லை, வை. சாட்சி என்ன கரைந்தா போய்விடும்.

இந்த மனுவைக் கொஞ்சம் படி. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். இல்லை, மேலே இருக்கிறதெல்லாம் வேண்டாம். அந்த இரண்டாவது பத்தி. "மேற்படி சாமியாத்தாள் என்பவர் எனது தென்னங்கன்றுகளுக்கு எனது அனுமதியின்றிக் கடும் வறட்சிக் காலத்தில் தொடர்ந்து தண்ணீர் ஊற்றி…"

போதும். மடித்துவிடு.

தொடர்ந்து என்று எழுதியிருக்கிறாரே அந்த மனுஷன். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது சரிதான்.

குடம் நிறைகிற சத்தம் கேட்கிறதா? முதலில் டொக்கு டொக்கு என்றது, இப்போது சத்தமே மாறிவிட்டது. அவளும் லாரி வரும்போது ஒட்டுப்போட்ட இந்தக் குடத்தோடுதான் வரிசையில் நிற்பாள். புதுக்குடம் வாங்க முடியாதா? முடியாதுதான் போல. எத்தனை குடம் ஊற்றியிருப்பாள் என்று கணக்குப் பார்த்தால்… வேண்டாம்.

நீ என்ன சொல்கிறாய்? என் பையைக் காட்டி என்ன சொல்கிறாய்? மூடி என் பையில் இருக்கிறது என்றால்?

ஐயோ!

மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனே! இந்நேரம் குழாய் திறந்தே கிடக்கும். சனிக்கிழமையில் இருந்து திறந்தே கிடக்கிறது. என் காட்டில் பெய்கிற மழையெல்லாம் வரப்பைத் தாண்டி அவள் காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்று நாளாக! யாரும் சொல்லவில்லையே. அவளாவது வந்து ஆட்டிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அவள் என்ன நினைத்திருப்பாள்? நானே திறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாளோ?

நினைத்திருப்பாள். வேறெப்படி நினைப்பாள்.

கண்டக்டர் வருகிறார். என்ன சொல்கிறார்? பாலத்தில் இடுப்பளவு போகிறதாம், வண்டி இனிப் போகாதாம். திருப்பப் போகிறார்களாம். போகட்டும். தாலுக்கா ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது. மனுவைக் கொடு. கிழிக்கமாட்டேன், ஏன் கிழிக்கிறேன்? சுள்ளியெல்லாம் நனைந்து கிடக்கிறது, அடுப்புப் பற்றவைக்க வீட்டில் ஒரு காய்ந்த காகிதம் இல்லை.

நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே அம்மிணி. அவளை நான் முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. என் பங்குத் தண்ணீரைப் பிடித்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பானை எதற்கு என்று ஆட்டிடமாவது விவரமாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் வாய் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மாதிரியே இன்னொருத்தி! இரண்டு பேரும் வாயைத் திறந்திருந்தால் நான் ஏன் அந்த நாலு பானையை உடைக்கப்போகிறேன்? நாலு கன்று. அவர் கையால் வைத்தது. இவளுடைய நாலு பானை.

வண்டி வந்த வழியே திரும்பியாயிற்று. இதோ, என் நிறுத்தம் வருகிறது. கல்லாங்காட்டுப் பிரிவு. குடத்தை எடுத்துக்கொடு, மெதுவாக. அரைக்குடத்துக்கு மேலேயே வந்திருக்கிறது. இல்லை, கொட்டவேண்டாம். அடுத்தவர்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்போம். பஸ் கூரைத் தண்ணீர்தான், போகட்டும், கன்றுக்கு ஊற்றிக்கொள்ளலாம். நான் எதையோ கலந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று அவள் நினைப்பாள். நினைக்கட்டும். அவள் எதிரிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு வைக்கிறேன்.

கேட்டாயா கண்டக்டர் சொல்வதை? "இப்பப் பாருங்க, நெறகுடமா எறங்கறீங்க ஆத்தா" என்கிறார். நிறைகுடம் எங்கே தம்பி, பாதிதான். தளும்புகிறது பார்.

பேசுகிறதா? பேசமாட்டேன். பதினொரு வருஷத்துப் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? வரப்பில் குடத்தை வைத்துவிட்டு ஆட்டிடம் சொல்லிவிடுகிறேன். "ஏ ஆடே, நாலு பானை கைதவறி ஒடைஞ்சுபோச்சு, ஓட்டை போட்ட பானை எங்க கெடைக்கும்னு உங்க வீட்டுல கேட்டு வை" என்பேன்.

தோசைக்கல்லா? தேய்த்தால் துரு போய்விடும். நாளைக்குத் தோசை சுடலாம். குழாய் திறந்து கிடக்கிறதே என்கிறாயா? கிடக்கட்டும். தண்ணீர் ஏன் கிழக்கே போகிறது என்று யாராவது கேட்டால், நண்டு வளை போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.